இறையாண்மையின் பெயரால்: தன்பாலுறவுச் சட்டங்களும் வெளிநாட்டு அழுத்தமும்

2012 அக்டோபரில் கனடாவின் க்யூபெக் நகரில் உலக நாடாளுமன்றங்களின் ஒன்றியம் கூடியது. கனடாவின் வெளியுறவு அமைச்சர் ஜான் பெயர்ட் தம் உரையில் உகாண்டாவில் தன்பாலீர்ப்பாளர்கள் படும் பாட்டைப் பெயர் சொல்லிக் கண்டித்தார். அவையில் இருந்த உகாண்டா நாடாளுமன்றத்தின் சபாநாயகர் ரெபெக்கா கடாகா, உகாண்டா கனடாவின் காலனி அல்ல என்று திருப்பிக் கொடுத்தார். அவர் நாடு திரும்பியபோது எண்டெபே விமான நிலையத்தில் பாதிரியார்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் கூடி வரவேற்றார்கள். அடுத்த மாதமே, 2009 முதல் கிடப்பில் கிடந்த தன்பாலுறவு எதிர்ப்பு மசோதாவைக் கிறிஸ்துமஸ் பரிசாக நிறைவேற்றித் தருவேன் என்று கடாகா வாக்களித்தார். அந்த ஆண்டில் அது நடக்கவில்லை. மறு ஆண்டு டிசம்பர் 20 அன்று மசோதா நிறைவேறியது.

கண்டித்தவரின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் யாரைக் காப்பாற்ற அந்த உரை நிகழ்த்தப்பட்டதோ, கம்பாலாவில் வாழும் அந்த மனிதர்களின் கழுத்துக்கே அது வினையாய் வந்தது. வயதுவந்த ஒரே பாலினத்தவர் இருவர் மனமொப்பிக் கூடுவதைக் குற்றமாக வைத்திருக்கும் நாடுகள் இன்றும் அறுபதுக்கு மேல் உள்ளன. அந்தச் சட்டங்களை மாற்றச் சொல்லும் உரிமை வெளியாருக்கு உண்டா, உண்டென்றால் எந்த வழியில் என்பது கடந்த நாற்பது ஆண்டுகளாகப் பல கண்டங்களில் சோதித்துப் பார்க்கப்பட்ட கேள்வி. அந்தச் சோதனைகளின் முடிவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்குப் புலப்படுவது ஒன்று. வெளியிலிருந்து அழுத்தம் வந்ததா என்பதைவிட, அதை அழைத்தது யார் என்பதே பலனைத் தீர்மானித்திருக்கிறது.

முதலில் இறையாண்மை வாதத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். ஐ.நா. சாசனத்தின் 2(7) பிரிவு ஒரு நாட்டின் உள்விவகாரங்களில் ஐ.நா. தலையிடுவதைத் தடுக்கிறது. ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளுக்கு அது வெறும் ஏட்டு வாசகம் அல்ல. எண்பதுகளில் உலக வங்கியும் பன்னாட்டு நாணய நிதியமும் கடனோடு சேர்த்து அனுப்பிய நிபந்தனைகளால் பள்ளிக் கட்டணமும் மருத்துவமனைக் கட்டணமும் ஏறியதை அந்த நாடுகளின் ஒரு தலைமுறை நேரில் அனுபவித்திருக்கிறது. கடன் கொடுப்பவன் வீட்டுக்குள் வந்து சட்டம் பேசினால் உடல் சிலிர்ப்பது இயல்பு. அந்தச் சிலிர்ப்பை மதவெறி என்று ஒதுக்கிவிட்டு யாரும் இந்தப் பிரச்சினையைப் புரிந்துகொள்ள முடியாது.

ஆனால் எந்தச் சட்டத்தைக் காப்பாற்ற இறையாண்மை அழைக்கப்படுகிறது என்று பார்த்தால் வேறொரு காட்சி தெரிகிறது. மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் வரைவு செய்த இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் நிறைவேறியது. ‘இயற்கைக்கு மாறான’ உறவைத் தண்டிக்கும் அதன் 377ஆம் பிரிவு பிரிட்டிஷ் ஆட்சியின் கப்பல்களில் ஏறி நாடு நாடாகப் போனது. இலங்கையின் 1883ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 365ஆம் பிரிவு. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் எண்கூட மாறவில்லை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாகாணத்துக்காக 1899இல் எழுதப்பட்ட இன்னொரு தொகுப்பு ஆப்பிரிக்கக் காலனிகள் பலவற்றுக்கு முன்மாதிரியானது. இங்கிலாந்தும் வேல்ஸும் தங்கள் மண்ணில் இந்தக் குற்றத்தை ஓரளவுக்கு நீக்கியது 1967இல். அதற்குள் இந்தியா, இலங்கை, கானா, நைஜீரியா, உகாண்டா, கென்யா எல்லாம் பழைய சட்டத்தைக் கையில் வாங்கிக்கொண்டு விடுதலை பெற்றுவிட்டன.

உகாண்டாவில் இந்தக் கதை இன்னும் சிக்கலானது. 1880களில் புகாண்டாவை ஆண்ட இளம் கபாகா (அரசர்) இரண்டாம் முவாங்கா, தம் அரண்மனைச் சேவகர்களான இளைஞர்களிடம் உடலுறவை எதிர்பார்த்தார் என்றும், கிறிஸ்தவம் தழுவிய சேவகர்கள் மறுத்ததும் அவர் கோபத்துக்கு ஒரு காரணம் என்றும் மிஷனரிக் குறிப்புகள் சொல்கின்றன. 1886 ஜூன் 3 அன்று நமுகோங்கோவில் பலர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் கத்தோலிக்கர்களை 1964இல் வத்திக்கான் புனிதர்களாக அறிவித்தது. ஜூன் 3 இன்றும் அங்கே தேசிய விடுமுறை. தன்பாலுறவு மேற்கிலிருந்து வந்தது என்று பேசும் ஒரு நாடு, அது தன் அரண்மனையிலேயே இருந்தது என்ற செய்தியைத் தன் திருச்சபையின் தோற்றக் கதைக்குள் வைத்திருக்கிறது. ஓர் அரசன் தன் அதிகாரத்தால் கேட்டதையும் இரு சமமான மனிதர்கள் விரும்பிச் சேர்வதையும் ஒன்றாகக் குழப்பும் பழக்கமும் அங்கிருந்தே கிளம்பியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

காலனியச் சட்டம் என்று காட்டிவிட்டால் வாதம் முடிந்துவிடும் என்று நம் பக்கத்தில் பலரும் நினைக்கிறார்கள். முடியாது. பிரான்ஸ் 1791லேயே இந்தக் குற்றத்தைத் தன் தண்டனைச் சட்டத்திலிருந்து விட்டுவிட்டது. அதனால் பிரெஞ்சுக் காலனிகள் பலவற்றில் இப்படியொரு பிரிவே இருக்கவில்லை. ஆனால் விடுதலை பெற்ற செனகல் 1966இல் தானே ஒன்றை எழுதிக்கொண்டது. பிரான்ஸின் பிடியை உதறுகிறோம் என்று அறிவித்த ராணுவ ஆட்சிகளின் கீழ் மாலி 2024இலும் புர்கினா ஃபாசோ 2025இலும் முதன்முறையாக இதைக் குற்றமாக்கின. சட்டத்தின் பிறப்பிடம் வெளியே இருந்தாலும் உள்ளே இருந்தாலும் சிறைக்குப் போகிறவரின் துன்பம் ஒன்றுதான். ஆகவே காலனிய வரலாறு ‘இது எங்கள் பண்பாடு’ என்ற கூற்றை உடைக்க உதவும். சட்டம் ஏன் தவறு என்பதைத் தனியே நிறுவ வேண்டியிருக்கிறது.

அதை முதலில் நிறுவியவர் பெல்ஃபாஸ்டில் கப்பல் நிறுவனம் ஒன்றில் எழுத்தராக வேலை பார்த்த ஜெஃப்ரி டஜன். 1976இல் போதைப்பொருள் தேடி வந்த போலீஸ் அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்பையும் எடுத்துக்கொண்டு போனது. பல மணி நேரம் அவருடைய அந்தரங்கத்தைப் பற்றி விசாரித்தது. வழக்கு தொடரப்படவில்லை, ஆனால் டஜன் விடவில்லை. ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். அதே காலத்தில் வட அயர்லாந்தில் பாதிரியாரும் அரசியல்வாதியுமான இயன் பெய்ஸ்லி, லண்டன் தங்கள் மீது இந்தச் சீர்திருத்தத்தைத் திணிக்கிறது என்று கையெழுத்து இயக்கம் நடத்திக்கொண்டிருந்தார். கம்பாலாவிலும் கானாவின் அக்ராவிலும் இன்று கேட்கும் சொற்கள் ஐரோப்பாவுக்குள்ளேயே, வெள்ளையர் வாயிலிருந்து, அப்போதே வந்துவிட்டன. 1981 அக்டோபரில் நீதிமன்றம் டஜனின் தனிவாழ்வு உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டு வட அயர்லாந்தில் சட்டம் மாறியது.

டாஸ்மேனியாவில் நடந்தது இதைவிட முக்கியமானது என்று கருதுகிறேன். ஆஸ்திரேலியாவின் அந்தத் தீவு மாநிலத்தில் இந்தக் குற்றத்துக்கு 21 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை இருந்தது. 1988இல் ஹோபார்ட்டின் சலமாங்கா சந்தையில் சட்டச் சீர்திருத்தம் கோரி மேசை போட்டு உட்கார்ந்ததற்காக நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ் தனிமனிதர்கள் முறையிடும் வழி ஆஸ்திரேலியர்களுக்குத் திறந்தது 1991 டிசம்பர் 25 அன்று. நிக்கலஸ் டூனன் தம் மனுவில் இட்ட தேதியும் அதுவே. மனு போட்டதற்கு அவர் தம் வேலையையே விலையாகக் கொடுத்தார். 1994 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைக் குழு, டாஸ்மேனியாவின் சட்டம் உடன்படிக்கைக்கு முரணானது என்றது. உடன்படிக்கையில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சொல்லுக்குள் பாலீர்ப்பும் அடங்கும் என்றும் சொன்னது. கான்பெரா அதே ஆண்டில் மத்தியச் சட்டம் கொண்டுவந்தது. டாஸ்மேனியா மேலும் மூன்றாண்டுகள் முரண்டுபிடித்து, 1997இல் பிரிவை நீக்கியது.

இந்த இரண்டிலும் வெளியிலிருந்து ஓர் அமைப்பு நாட்டின் சட்டத்தைத் தவறு என்றது. ஆனால் அந்த அமைப்பின் கதவைத் தட்டியவர் அந்த மண்ணின் குடிமகன். கதவை வைத்துக் கொடுத்ததும் அந்த நாடு தானே விரும்பி இட்ட கையெழுத்து. இறையாண்மை என்பது வாக்குக் கொடுக்கும் அதிகாரத்தையும் உள்ளடக்கியது. கொடுத்த வாக்கைக் குடிமகன் நினைவூட்டும்போது அதை அந்நியத் தலையீடு என்பது நேர்மையான வாதம் ஆகாது.

இதற்கு நேர்மாறானது கரீபியனில் பிரிட்டன் செய்தது. கேமன் தீவுகள், அங்குவிலா, மான்செராட், பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள், டர்க்ஸ் கைகோஸ் என்ற தன் ஐந்து ஆட்சிப்பகுதிகளில் 2000ஆம் ஆண்டின் இறுதியில் அரச ஆணை ஒன்றின் மூலம் இந்தக் குற்றத்தை நீக்கியது. நல்ல காரியம்தான். ஆனால் உள்ளூர் அவைகளைத் தாண்டி லண்டனிலிருந்து வந்ததால் அங்கே நீண்ட கசப்பு மிஞ்சியது. சுதந்திர நாடான பெலீஸில் அப்படி நடக்கவில்லை. கலேப் ஒரோஸ்கோ என்ற ஒருவர் தம் நாட்டு நீதிமன்றத்தில் ஆறாண்டுகள் போராடி 2016இல் வென்றார். ஆன்டிகுவா, செயின்ட் கிட்ஸ், பார்படாஸ், டொமினிகா, செயின்ட் லூசியா என்று தீர்ப்புகள் தொடர்ந்தன. எல்லா இடத்திலும் வெற்றி என்று சொல்ல முடியாது. செயின்ட் வின்சென்ட் 2024இல் பழைய சட்டத்தை உறுதிசெய்தது. ட்ரினிடாடில் 2018இல் கிடைத்த வெற்றியை 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் திருப்பிப் போட்டது. அதற்கு அது காட்டிய அடிப்படை, விடுதலைக்கு முந்தைய சட்டங்களை எந்த வழக்கும் தொடாதபடி காக்கும் அரசியலமைப்பு விதி.

உதவிப் பணத்தின் கதைதான் மிகவும் வேதனையானது. 2011 அக்டோபரில் பெர்த்தில் காமன்வெல்த் தலைவர்கள் கூடியபோது பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன், தன்பாலீர்ப்பாளர்களை ஒடுக்கும் நாடுகளுக்கு உதவியைக் குறைக்க நேரும் என்றார். உடனடியாக மறுப்பு எழுதியவர்களில் ஆப்பிரிக்காவின் பாலீர்ப்புரிமை இயக்கத்தினரே முன்னால் நின்றார்கள். உதவி வெட்டப்பட்டால் மருந்தும் மருத்துவமனையும் இழக்கிறவர்களில் தாங்களும் உண்டு, ஊரின் துயரத்துக்குத் தங்களைக் காரணமாகக் காட்டுவார்கள், இது மேற்கின் சரக்கு என்ற பொய்க்கு அது சான்றாகிவிடும் என்று அவர்கள் விளக்கினார்கள். அந்தக் கடிதத்தைத் தலைநகரங்களில் எத்தனை பேர் பொறுமையாகப் படித்தார்கள்?

அழுத்தம் ஒருபோதும் பயன்தராது என்றும் சொல்லக் கூடாது. 2009இல் உகாண்டாவின் நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் பஹாட்டி கொண்டுவந்த மசோதாவில் மரணதண்டனை இருந்தது. அதிபர் முசெவெனி 2010இல் இது வெளியுறவு சம்பந்தப்பட்ட விஷயம், பார்த்து நடங்கள் என்று தம் கட்சியினரைத் தடுத்தார். மூன்று, நான்கு ஆண்டுகள் மசோதா நின்றதற்கு வெளிநாடுகளைப் பற்றிய பயமும் ஒரு காரணம். அதே நேரத்தில் நாட்டுக்குள் நிலைமை மோசமானது. ஒரு பத்திரிகை தன்பாலீர்ப்பாளர்களின் படங்களை வெளியிட்டுத் தூக்கிலிடச் சொன்னது. அதை எதிர்த்து வழக்குப் போட்டு வென்றவர்களில் ஒருவரான டேவிட் கட்டோ 2011 ஜனவரியில் வீட்டில் அடித்துக் கொல்லப்பட்டார். 2014 பிப்ரவரி 24 அன்று முசெவெனி, மரணதண்டனைக்குப் பதில் ஆயுள்தண்டனை வைத்த சட்டத்தில் கையெழுத்திட்டார். உலக வங்கி 9 கோடி டாலர் சுகாதாரக் கடனை நிறுத்திவைத்தது. டென்மார்க்கும் நார்வேயும் அரசுக்குத் தரும் பணத்தை வேறுவழியில் திருப்பின. ஆனால் அந்தச் சட்டத்தை ஆகஸ்டு 1 அன்று செல்லாததாக்கியது உகாண்டாவின் அரசியலமைப்பு நீதிமன்றம். வழக்குப் போட்டவர்கள் அந்நாட்டுப் பேராசிரியர்கள், செய்தியாளர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள். மசோதா நிறைவேறியபோது அவையில் போதிய எண்ணிக்கை இல்லை என்ற காரணம் காட்டப்பட்டது.

2023இல் சட்டம் திரும்பி வந்தது, சில சூழல்களுக்கு மரணதண்டனையோடு. அதை எதிர்த்து அவையில் வெளிப்படையாக நின்ற ஃபாக்ஸ் ஒடோய் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர். உலக வங்கி ஆகஸ்டில் புதிய கடன்களை நிறுத்தியது. அமெரிக்கா வரிச்சலுகைப் பட்டியலிலிருந்து உகாண்டாவை நீக்கியது. கடன் இல்லாமலும் வளர்வோம் என்று முசெவெனி அறிவித்தார். 2024 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டத்தின் சில உட்பிரிவுகளை மட்டும் நீக்கி மற்றதை ஏற்றது. 2025இல் உலக வங்கி மீண்டும் கடன் கொடுக்கத் தொடங்கியது. சட்டம் அப்படியே இருக்கிறது. கானாவில் 2024 பிப்ரவரியில் இதேபோன்ற மசோதா நிறைவேறியபோது, உலக வங்கியின் 380 கோடி டாலர் போய்விடும் என்று நிதியமைச்சகம் எச்சரித்தது. அதிபர் கையெழுத்திடாமலே பதவிக்காலத்தை முடித்தார். பணம் சட்டத்தைத் தள்ளிப்போட்டது. மனத்தை மாற்றவில்லை, மசோதா அடுத்த நாடாளுமன்றத்தில் மீண்டும் வந்துவிட்டது.

இன்னொரு குறையும் உண்டு. கொடையாளியின் அக்கறை அவர் நாட்டுத் தேர்தலைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. ஒபாமா 2011இலும் பைடன் 2021இலும் உலகெங்கும் இந்த உரிமையைக் காக்கும்படி தூதரகங்களுக்கு ஆணையிட்டார்கள். 2025இல் வாஷிங்டன் வேறு திசையில் திரும்பியது, கூடவே வெளிநாட்டு உதவியும் சரிந்தது. அந்த ஆதரவை நம்பி முகம் காட்டியவர்களின் முகத்தைத் திரும்ப மறைக்க முடியாது.

வெளித் தலையீட்டைப் பற்றிப் பேசும்போது எதிர்த்தரப்பின் வெளித் தலையீடு கணக்கில் வருவதே இல்லை. 2009 மார்ச்சில், பஹாட்டியின் மசோதாவுக்குச் சில மாதங்களுக்கு முன்பு, ஸ்காட் லைவ்லி உள்ளிட்ட அமெரிக்க மதப்பிரசாரகர்கள் கம்பாலாவில் மூன்று நாள் கருத்தரங்கு நடத்தினார்கள். குழந்தைகளையும் குடும்பத்தையும் அழிக்க ஓர் இயக்கம் வருகிறது என்பதே அவர்கள் கொண்டுவந்த செய்தி. உகாண்டாவின் பாலீர்ப்புரிமை அமைப்பு லைவ்லிமீது அமெரிக்காவில் வழக்குத் தொடர்ந்தது. 2017இல் அதிகார வரம்பு காரணமாக வழக்கைத் தள்ளிய நீதிபதி, லைவ்லியின் செயல்களைக் கடுமையாகக் கண்டித்தார். மாசச்சூசெட்ஸிலிருந்து வந்த பிரசாரகர் விருந்தினர், கனடாவில் பேசிய அமைச்சர் ஆதிக்கவாதி என்றால், அங்கே காக்கப்படுவது இறையாண்மையே அல்ல.

வெளி அழுத்தம் ஏறக்குறைய இல்லாமலே மாறிய நாடுகளும் உண்டு. போட்ஸ்வானாவில் ஒரு பல்கலைக்கழக மாணவர் தொடுத்த வழக்கில் 2019இல் தீர்ப்பு வந்தது. சிங்கப்பூர் பிடிவாதமாகவே வெளியாரை விலக்கியது. பாலீர்ப்புரிமைக்கான ‘பிங்க் டாட்’ கூட்டத்துக்கு வெளிநாட்டு நிறுவனங்கள் பணம் தரத் தடை போட்டது. 2017இல் திடலைச் சுற்றி வேலியிட்டுக் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் உள்ளே விட்டது. ஐந்தாண்டு கழித்து அதே அரசு தன்பாலுறவைத் தண்டித்த 377ஏ பிரிவை நீக்கியது. திருமணத்தின் இலக்கணத்தை நீதிமன்றம் மாற்றிவிடாதபடி அரசியலமைப்பிலும் திருத்தம் செய்துகொண்டது. பாதி நீதி என்று அதைச் சொல்லலாம். ஆனால் அந்நியர் திணித்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தியாவின் பாதை தெரிந்ததே. 2009இல் டெல்லி உயர்நீதிமன்றம் திறந்த கதவை 2013இல் உச்சநீதிமன்றம் அடைத்தபோது, வெளிநாட்டுத் தீர்ப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு இங்கே பொருத்த முடியாது என்றும் எழுதியது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அதைத் திருத்தினார்கள். டஜன், டூனன் தீர்ப்புகளையும் அவர்கள் எடுத்துப் பேசினார்கள், ஆனால் அடித்தளம் நம் அரசியலமைப்பின் 14, 15, 19, 21ஆம் பிரிவுகள்.

தமிழ் வாசகர்கள் கூர்ந்து பார்க்க வேண்டியது இலங்கையை. அங்கே 1995இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டபோது 365ஏ பிரிவு நீங்கும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். ஆண்களை மட்டும் குறித்த வாசகம் எல்லோரையும் குறிப்பதாக மாறி, பெண்களும் குற்றவாளிகளானார்கள். இது விடுதலை பெற்ற நாடாளுமன்றத்தின் சொந்தக் கைவேலை. ‘ஈக்குவல் கிரவுண்ட்’ அமைப்பின் நிறுவனர் ரோசானா ஃபிளேமர்-கால்டெரா பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. குழுவிடம் முறையிட்டார். அந்த முறையீட்டு வழியை இலங்கை 2002இல் தானே ஏற்றிருந்தது. இலங்கை அவருடைய உரிமைகளை மீறியது என்று 2022இல் குழு முடிவுசெய்தது. அரசு அதைச் செயல்படுத்தவில்லை.

குழுக்களின் முடிவு எங்களைக் கட்டுப்படுத்தாது என்று கொழும்பு சொல்லும் துணிச்சலுக்கு ஒரு முன்கதை உண்டு, அது தன்பாலுறவைப் பற்றியது அல்ல. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், சித்திரவதையில் பெறப்பட்டதாக அவர் சொன்ன வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்கப்பட்ட தமிழர் சிங்கராசாவின் முறையீட்டை ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் ஏற்றது. அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்றது. அந்த முடிவோடு அவர் இலங்கை உச்சநீதிமன்றத்துக்குப் போனபோது, 2006இல் நீதிமன்றம் கைவிரித்தது. தனிமனிதர் முறையிடும் அந்த வழியை 1997இல் அதிபர் ஏற்றுக்கொண்டதே அரசியலமைப்புக்கு முரண், நாட்டின் இறையாண்மை அதிகாரத்தை அப்படிக் கைமாற்ற முடியாது என்றது. போரில் நீதி கேட்ட ஒரு தமிழ்க் கைதியின் முகத்தில் சாத்தப்பட்ட அதே கதவுதான் பிறகு கொழும்பின் ஒரு தன்பாலீர்ப்புப் பெண்ணின் முகத்திலும் சாத்தப்படுகிறது. தமிழர் அரசியலில் ஜெனீவாவின் ஐ.நா. அமைப்புகளை நம்பிப் பேசுகிற பலர் தன்பாலுறவு என்றதும் அது வெளிநாட்டுத் தலையீடு என்கிறார்கள். இரண்டையும் ஒருவர் ஒரே வாயால் சொல்ல முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

2023இல் ஆளுங்கட்சி உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த தனிநபர் மசோதாவாக இந்தப் பிரிவுகளின் திருத்தத்தைக் கொண்டுவந்தார். பண்பாடு கெடும், நாட்டின் பாதுகாப்பு கெடும் என்று எதிர்த்தவர்கள் உச்சநீதிமன்றம் போனார்கள். மசோதாவில் அரசியலமைப்புக்கு முரணானது எதுவும் இல்லை என்று நீதிமன்றம் முடிவுசெய்ததை மே 9 அன்று சபாநாயகர் அவையில் அறிவித்தார். சாதாரணப் பெரும்பான்மை போதும் என்பதே அதன் பொருள். வாக்கெடுப்பு நடக்கவில்லை. 2024 செப்டம்பரில் நாடாளுமன்றம் கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது. அதை மீண்டும் கொண்டுவர உலக வங்கியின் நிபந்தனையோ வரிச்சலுகைக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் மேற்பார்வையோ தேவையில்லை. 225 பேர் கொண்ட அவையில் யாராவது ஒருவர் எழுந்து முன்மொழிய வேண்டும், வடக்கு கிழக்கிலிருந்து போன உறுப்பினர்கள் அதற்கு ஆதரவாகக் கை தூக்க வேண்டும்.